சேனாதிபதி திருப்பித் தள்ளிய சுவிட்ச்

சேனாதிபதி மலைமேல் இருக்கும் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஒயர்மேனாக இருந்தார். ஒயர்மேன் என்று பெயர்தானே ஒழிய, கீசர், தண்ணீர் மோட்டார், டி.வி. என்று எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, சின்னச் சோலி" என்பார். பெரும்பாலும் அது சின்னச் சோலியாகத்தான் இருக்கும். செண்பகனூரில் அவர் குடியிருந்த வீட்டு வரிசையிலும் அவருக்கு அந்தப் பேர் இருந்தது. மிக்ஸி ஓடவில்லை என்றால் கடைக்குப் போகும் முன் அவர் வீட்டுக்கு வருவார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது, வெளியே காட்டிக்கொண்டதை விட அதிகமாகவே.

அவர் மனைவி வேலம்மா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில் பிறந்தவள். பாவாடை கட்டும் வயசில் பெற்றோரோடு கப்பலில் வந்தவள். அவளுடைய அக்கா அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. எப்போதாவது கடிதம் வரும், அப்புறம் அதுவும் நின்றுபோனது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் கெஸ்ட் ஹவுஸ் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழையதை சேனாதிபதிக்குக் கொடுத்தார். மகள் சத்தியபிரியா திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். சனி, ஞாயிறு வீட்டுக்கு வரும்போது அதில் உட்கார்ந்து பழகுவாள். அந்தச் சமயத்தில்தான் இலங்கையிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அக்கா வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன. சத்தியபிரியா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அம்மாவுக்கு எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பித்தானை அழுத்த வேண்டும், திரை வந்ததும் எங்கே இரண்டு தட்டு தட்ட வேண்டும். வேலம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஆனாலும் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். காலையில் கணவரை வேலைக்கு அனுப்பும் முன் ஒரு தடவை திறந்து, தலை நரைத்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவாள்.

மழைக்காலம் வந்ததும் கம்ப்யூட்டர் படுத்தத் தொடங்கியது. பித்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றும். திரையில் எழுத்து வரும், உடனே அணையும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சாயங்காலங்களில்தான் இந்தத் தொல்லை. சேனாதிபதி மூடியைக் கழற்றினார். தூசியை ஊதினார், உள்ளே இருந்த சிறு அட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினார். ஒயர் எல்லாவற்றையும் இறுக்கினார். அப்படியும் சரியாகவில்லை. பிறகு மீட்டரை எடுத்து பிளக்கில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. குளிருக்கு ஊர் முழுக்க ஹீட்டர் போடும் நேரம், கரண்ட் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்துகொண்டிருந்தது.

பெட்டியின் பின்பக்கம், கரண்ட் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குட்டிச் சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் 230 என்றும் மறுபக்கம் 115 என்றும் போட்டிருந்தது. நம் ஊர்க் கரண்டுக்கு அது 230-இல்தான் இருக்க வேண்டும், குறைந்த கரண்ட் உள்ள நாடுகளுக்குத்தான் மற்றது. இது சேனாதிபதிக்குத் தெரியும். இப்போது நம் வீட்டிலும் குறைந்த கரண்ட்தானே என்று நினைத்தார். டெஸ்டர் முனையால் 115-க்குத் தள்ளினார். கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் எழுந்து நின்றது.

"பாத்தியா பாப்பா, இதுக்குப் போயி மெக்கானிக்கு எதுக்கு?" என்றார், அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த மகளிடம். காலையில் முழுக் கரண்ட் வந்தால் பெட்டி தாங்காது, அதற்குள் சுவிட்சைப் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்து, "அண்ணே கை வச்சா எந்த மிசினும் பேசும்" என்று சொன்னதில் மனசு நிறைந்துபோய், அப்படியே சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். பெட்டியின் பின்னாலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. வேலம்மா ஒரு கையில் மேசை துடைத்த ஈரத்துணியோடு சுவரை ஒட்டி நின்றாள்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் செய்யலைங்க. எப்பவும் போலத்தான் பித்தான அமுக்கினேன்..."

"ஈரத்துணிய வச்சுக்கிட்டுக் கரண்ட்ல கை வப்பியா? படிக்காத கழுதைக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா? தெனம் தெனம் அக்கா மூஞ்சியப் பாக்கலைன்னா உசுரா போயிரும்?"

சத்தம் கேட்டு வந்த ராக்காயி வாசலிலேயே நின்றுவிட்டாள். சத்தியபிரியா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "என் புராஜெக்ட் எல்லாம் அதுலதாம்மா இருக்கு" என்று அழத் தொடங்கினாள். வேலம்மா யாரையும் பார்க்காமல் அந்தத் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் சேனாதிபதிக்குச் சுவிட்ச் ஞாபகம் வந்தது.

பெட்டியை ஒயரிலிருந்து பிடுங்கி, வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று பின்கட்டுக்குத் தூக்கிப்போனார். சுவிட்ச் 115-இல்தான் இருந்தது. அந்த நிமிஷமே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ராக்காயி இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுவிட்சை 230-க்குத் தள்ளினார். லேசாக 'டிக்' என்றது.

அடுத்த வாரம் பெட்டியைச் சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்கினார். சரிசெய்ய மலையிலேயே ஆள் இருந்தார்கள். ஆனால் தெரிந்த முகம் யாரும் அதைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. கடைக்காரர் ஜெயமுருகன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கரண்ட் பெட்டியைத் தனியாகக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"ரெண்டு கண்டென்சரும் வெடிச்சிருக்குங்க. சுவிட்ச் நூத்திப் பதினஞ்சுல கெடந்தாத்தான் இப்பிடி ஆகும். யாராச்சும் மாத்துனீங்களா?"

"இல்லீங்களே."

"வீட்ல சின்னப் பிள்ளைக யாரும்...?"

"இல்லைங்க. நான் ஒயர்மேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

ஜெயமுருகன் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுக் கரண்ட் பெட்டிக்கு எழுதி வைத்துக்கொண்டார். ஹார்ட் டிஸ்க் தப்பித்துவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது என்றார். நல்ல சேதிதான். சேனாதிபதிக்கு அந்தக் கடையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

வீடு திரும்பியபோது வேலம்மா இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கேரட் கழுவும் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். ஓடைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்று மூட்டை மூட்டையாகக் கழுவ வேண்டும். அந்தக் குளிரில் வேறு வழியில்லாதவர்கள் போகும் வேலை அது.

"உனக்கெதுக்கு இந்தச் சோலி? நான் பாத்துக்கிற மாட்டேனா?"

"கெடுத்தது நான்தானே. நான்தான் காசு சேக்கணும்" என்றாள்.

வெள்ளனே எழுந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போவாள். சாயங்காலம் வரும்போது விரல்கள் ஊறிப்போய் வெளுத்திருக்கும். நாள் ஆக ஆக விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். சேனாதிபதி தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிராமல் எழுந்துவிடுவார். கெஸ்ட் ஹவுஸில் யாராவது, "சேனாதிபதியைக் கூப்பிடு, அவர் பாத்தாச் சரியாயிரும்" என்று சொன்னால் காது சுட்டது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். தினமும் ஒரு நாள் தள்ளிப்போனதால், சொல்ல வேண்டியதும் தினமும் கூடிக்கொண்டே போனது.

புதுக் கரண்ட் பெட்டி வந்து மாட்டியாயிற்று. கம்ப்யூட்டர் பழையபடி எழுந்தது. சத்தியபிரியா புராஜெக்டைப் பார்த்துத் துள்ளினாள். "அம்மா, வாங்க, பெரியம்மா போட்டோ எல்லாம் இருக்கு, வெரசா வாங்க!"

வேலம்மா அடுப்படி நிலைப்படியைத் தாண்டவில்லை. "வேணாம் பாப்பா. நான் கிட்ட வந்தா மறுபடி ஏதாச்சும் ஆகிப்போகும். நீ பாரு."

மகள் வற்புறுத்தவில்லை. அம்மா சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதைச் சேனாதிபதி பார்த்தார்.

மகள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வேலம்மா அவரிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஏங்க, கூடப் பொறந்தவ மூஞ்சியப் பாக்க ஆசப்பட்டது அம்புட்டுத் தப்பா?"

அவர் வாயைத் திறந்தார். எல்லாம் ஒன்றாக வந்தது. சுவிட்ச், முந்தின சாயங்காலம், மாற்ற மறந்தது, பின்கட்டில் நகத்தால் தள்ளியது, வத்தலக்குண்டில் சொன்ன பொய். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப நான் கெடுக்கலையா?" என்றாள் வேலம்மா. அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிச்சியைப் பார்த்தபோதுதான், அவள் இத்தனை நாளும் எதைச் சுமந்து ஓடைக்குப் போய்வந்தாள் என்று அவருக்கு முழுசாக விளங்கியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

திட்டு பிறகுதான் வந்தது, மெதுவாக.

"தெரியாம நடந்தது, அது போகட்டும். என் கைய இத்தன நாளும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

வெடித்த விரல்களை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"ராக்காயி முன்னாடிதானே ஏசினீங்க. அவகிட்டப் போயிச் சொல்லுங்க. பாப்பாகிட்டயும் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ராக்காயி கேட்டதும் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "அது பாவம்ணே, என் வீட்ல வந்து உக்காந்து அழுதுச்சு" என்றாள். இரண்டு நாளில் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்ச நாள் வரவில்லை. வந்தவர்கள், "இதுல சிவப்புச் சுவிட்ச் ஏதும் இல்லைல்ல?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

சத்தியபிரியாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டதும் அவள் எழுந்துபோய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்த அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளே இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சேனாதிபதி வாசலில் நின்றார். சாப்பிடக் கூப்பிடும் வரை உள்ளே போகத் துணியவில்லை.

வேலம்மா கேரட் வேலையை விட்டாள். பழையபடி பேச ரொம்ப நாள் ஆயிற்று. இப்போதும் வீட்டில் குழாய் ஒழுகினாலோ கடிகாரம் நின்றாலோ, அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீங்க கை வச்சீங்களா?"

வைத்திருந்தால், "ஆமா" என்று அவர் உடனே சொல்லிவிடுகிறார்.