மாமா குடித்த மூன்று கிளாஸ் பால்

என் தாய்மாமா பால் விற்றார். ஆனால் பால் குடிக்க மாட்டார். கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மூன்று கறவை மாடுகள் வைத்திருந்தார். விடியும்போதே கறந்து, போத்தல்களில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போவார். பசியாறும்போது அவருக்கு மட்டும் பால் சேர்க்காத தேநீர், தே ஓ. தயிர் கிடைத்தால் சட்டியை வழித்துவிடுவார். பாலை நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அப்போது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மெய் லிங். தோட்டத்து முகப்பில் மளிகைக்கடை வைத்திருந்த சீனரின் மகள். கடை முதலாளி என்பதால் அவரை நாங்கள் எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். மெய் லிங் தமிழில் என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள். வலைப்பந்துக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது உயரம் போதவில்லை என்று அவளை ஒதுக்கிவிட்டார்கள். என்னை எடுத்துக்கொண்டார்கள். அவள் அழுதாள். அவள் வளராததற்குக் காரணம் என்னவென்று எனக்குச் சந்தேகமே இல்லை.

“நீங்கள்லாம் பாலே குடிக்கிறதில்ல, சோயாத் தண்ணிய குடிக்கிறீங்க. அப்புறம் எப்படிலா வளர்வே? எங்களப் பாரு!” என்றேன்.

பத்து வயதில் இரண்டு இனங்களின் உடம்பைப் பற்றி ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னவள் நானாகத்தான் இருப்பேன். அவளும் நம்பிவிட்டாள். வீட்டில் அடம்பிடித்து, மறுநாளே மாமாவிடம் தினம் ஒரு போத்தல் வாங்க வைத்துவிட்டாள். முதல் நாள் வகுப்பில் அவள் வயிறு போட்ட சத்தத்துக்குக் கடைசி வரிசை வரை சிரித்தது. இரண்டாம் நாள் கழிவறைக்கு நாலு தடவை ஓடினாள். மூன்றாம் நாள் பள்ளிக்கே வரவில்லை.

அடுத்த நாள் காலை தவுக்கே மாமாவின் மோட்டாரை மறித்தார். “தம்பி, பால்ல என்னா கலக்குறே?” என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கடை நிறைய ஆட்கள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க அதே பேச்சு. “அதான் அவனே குடிக்கிறதில்ல!” என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்தார்கள். ஐந்து வீடுகளில் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து ஊரான பெடாஸில் மாமாவுக்குப் பெண் பேசியிருந்த நேரம் வேறு. கலப்படக்காரன் என்ற பெயர் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, அப்போதுதான் கறந்த பாலோடு கடைக்குப் போனார். “நீயே காய்ச்சிக் குடு தவுக்கே” என்றார். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. முதல் கிளாஸைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “இன்னொண்ணு மாமா!” என்று கத்திக் கைதட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவதையும் குடித்தார்.

அதோடு கிளம்பவில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தவுக்கே எழுந்து வந்து கை கொடுத்தார். “சரிலா தம்பி. பால் நல்ல பால்தான்.”

மாமா கடைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பாப்பாவுக்குப் பால் வேணாம் தவுக்கே. தயிர் குடுத்துப் பாரு” என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். அவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. வீட்டு வாசலில் எஞ்சினைக்கூட நிறுத்தாமல் கொல்லைப்பக்கம் ஓடினார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் வரை மாமா போவதும் வருவதுமாக இருந்தார். நடுவில் ஒருமுறை, வாசலில் நின்ற என்னிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யாருகிட்டயும் சொல்லிடாதே, என்ன?” என்றார்.

அப்படியென்றால் உண்மைதான். மாமா பாலில் என்னவோ கலக்கிறார்! ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. என் மேல் அவருக்கு அவ்வளவு உயிர், எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அம்மா கொடுத்த பாலை யாரும் பார்க்காதபோது செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். நின்றுபோன ஐந்து வீடுகளும் திரும்ப வாங்கத் தொடங்கின. பெடாஸில் பேசிய பெண்ணே எனக்கு மாமியாக வந்து சேர்ந்தார். மெய் லிங் சீனி போட்டுத் தயிர் சாப்பிட்டாள்; அவள் வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் ஆண்டில் என்னைவிட இரண்டு விரல் உயரமாகவும் ஆகிவிட்டாள். என் பால் தத்துவத்தைப் பற்றி நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

இன்று சிரம்பானில் ஒரு கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். குழந்தைப் பருவம் தாண்டினால் உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் பாலின் சர்க்கரை செரிப்பது குறைந்துவிடும்; தலைமுறை தலைமுறையாக மாட்டுப் பாலை நம்பி வாழ்ந்த சில பகுதி மக்களுக்குத்தான் அது வளர்ந்த பிறகும் செரிக்கும்; சீனர்களில் பெரும்பாலோருக்குச் செரிக்காது, நம்மிலும் நிறையப் பேருக்குச் செரிக்காது; தயிரில் அந்தச் சர்க்கரை கொஞ்சம் குறைந்துவிடுவதால் பலருக்கும் தொந்தரவு இருக்காது. வருகிறவர்களிடம் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். போன மாதம் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது திடீரென்று மாமா குடித்த மூன்று கிளாஸ் பால் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அவனுக்குச் சின்னதுலேர்ந்தே பால் ஆகாதே. ஒரு மடக்கு குடிச்சாலும் வயிறு போகும். ஒனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா.

அன்று மாமா அதைச் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? சாக்குச் சொல்கிறான் என்றிருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு கிளாஸும் தன்னை என்ன செய்யும் என்று தெரிந்தே குடித்திருக்கிறார். ஊர் அன்றைக்கே அவரை நம்பிவிட்டது. ஒரு திருடனைக் காப்பாற்றுகிற பெருமையோடு, இத்தனை வருடம் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.