மை காயாத சேலை

மறுநாள் வாழவந்தியில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அவள் சேலையில் அச்சுக் குத்துவதற்காக, ஏற்காட்டில் என் அறையில் ரப்பர் துண்டில் காப்பிப்பூ செதுக்கினேன். கடைசி இதழில் பிளேடு வழுக்கிப் பூ அறுந்துபோனது. இன்னொன்று செதுக்கிக் குத்தி முடிப்பதற்குள் பனி இறங்கிவிட்டது. மை காயவில்லை, மடித்தால் அப்பிக்கொள்ளும். ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸோ கிளம்பிக்கொண்டிருந்தது.

விரித்த சேலையோடு தடுமாறி ஏறினேன்.

"மடிச்சுப்போடாதீங்க, இந்த ஓரத்த எங்கிட்டக் குடுங்க" என்றார் எஸ்டேட் வேலை முடிந்து வந்த ஒரு பெண். அவரைப் பார்த்து முன்சீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு ஓரம் பிடித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

வீட்டில் பார்த்தால் பூக்கள் கலையவில்லை. முந்தானையில் மட்டும் யாருடையதோ ஒரு கட்டைவிரல் ரேகை.

"அழிச்சுப் பாக்கறேன் கண்ணு" என்றேன்.

"வேண்டாங்க்கா, இருக்கட்டும்" என்றாள் தங்கை.

பஸ்ஸில் ஒருவர் பேரையும் நான் கேட்கவில்லை. அந்த ரேகை மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.