நான் அள்ளிக் கொடுத்த மண்

கீரிப்பாறை மலைத்தோட்டத்தில் என்னோடு ரப்பர் பால் வெட்டும் அக்கா, அந்த மலையின் பூர்வகுடியான காணிக்காரி. என் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள். மண்ணைக் குழைத்துப் படம் வரையும் ஓவியர் ஒருவர் எங்களிடம் சொந்த மண் ஒரு பிடி கேட்டார். வந்தேறி என்று சொல்லக் கூசி, நான் பால் வெட்டும் ரப்பர் மரத்தடியில் அள்ளிக் கொடுத்து, “தலைமுறை தலைமுறையா எங்க மண்ணு” என்றேன். அக்கா எதுவும் கொடுக்கவில்லை.

நாகர்கோவில் கண்காட்சியில் அந்த மண்ணில் வரைந்த படத்தின் கீழே, ‘பூர்வகுடிப் பெண் தந்த மண்’ என்று எழுதியிருந்தது. இருவரும் வாசித்தோம்.

“நீ அள்ளுன மரத்தடி, எங்க தாத்தா கிழங்கு நட்ட இடமாக்கும்” என்றாள் அக்கா. பிறகு சிரித்தாள். “ஏட்டி பூர்வகுடி, வா, பஸ்சு போயிரும்.”

ஓவியர் பக்கத்தில்தான் நின்றார். உண்மையைச் சொல்ல நாலு எட்டு வைத்தால் போதும். நான் அக்காவின் பின்னால் படியிறங்கிப் போனேன்.