கிருபா கேட்ட சண்டை

கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த கிருபாவுக்கு யுத்தம் என்றால் போதும், கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காது. சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். கோழி அறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். ஆனால் சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம், பாதுகாப்பு நிதிக்கென்று காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினாள். அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டு, தெற்கேயிருந்து ரயில் ரயிலாகப் பட்டாளத்துக்காரர்கள் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு குண்டான் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினாள். வண்டி நகர்ந்துவிட்டது. விடுவாளா? கூடவே ஓடி ஜன்னல் ஜன்னலாக வீசினாள். அதில் ஒரு பொட்டலம் டிக்கெட் பரிசோதகர் தலையில் போய் உடைந்தது. அவள் புருஷன் லாசரஸ், சானடோரியம் ஆஸ்பத்திரியில் குமாஸ்தா, ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரிப்பார். "அந்தச் சண்டையிலே இவ பக்கத்துச் சேதம் ஒரே ஒரு டி.டி.ஆர்."

கிருபா பேர் பெற்றது அவளுடைய ஜெபத்தால். கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும்போது ஆளுக்கொருவராக எழுந்து வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஒருத்தி வேண்டி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து 'ஆமென்' சொல்லவேண்டும். சொன்னால்தான் அது கூட்டத்தின் வேண்டுதல். கிருபா எழுந்தால் குரல் ரோட்டுக்குக் கேட்கும். அவள் கேட்டால் நடந்துவிடும் என்று ஒரு பேச்சும் இருந்தது. மாற்றல் வேண்டுகிறவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் எல்லாரும் அவளிடம் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள்.

எழுபத்தொன்று வந்தது. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் பட்டாளமே தன் ஜனங்களைச் சுடுகிறது, எல்லை தாண்டிக் கூட்டம் கூட்டமாக ஓடிவருகிறார்கள் என்று பேப்பரில் தினமும் படம். கிழவியைக் கூடையில் வைத்துச் சுமந்துவரும் மகனின் படத்தைப் பார்த்த அன்று கிருபா சாப்பிடவில்லை. பல்லாவரத்திலிருந்து செம்பாக்கம் வரை வீடு வீடாக ஏறிப் பழைய சேலையும் கம்பளியும் வாங்கி மூட்டை கட்டி அனுப்பினாள். அதுவும் போதவில்லை. நவம்பர் மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கேட்டாள்:

"ஆண்டவரே, கம்பளி போதாது! எங்க பட்டாளத்தை அனுப்பும்! அந்த ஜனங்களை மீட்டுக் கொடும்!"

"ஆமென்!" என்று கூட்டம் அதிர்ந்தது. சொல்லாத வாய் ஒன்றே ஒன்று. அது யூனிஸ்.

யூனிஸ் கிருபாவின் கூடப்பிறந்த தங்கை. லாசரஸுக்குச் சித்தப்பா மகன் எட்மண்டை அவளுக்குக் கட்டிவைத்ததே கிருபாதான். அக்காளும் தங்கையும் ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். எட்மண்ட் பட்டாளத்தில் ஆற்றுக்குப் பாலம் போடுகிற பிரிவில் ஹவில்தார். கல்யாணமான கையோடு அவனைக் கிழக்கு எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிஸ் அக்காள் வீட்டில் இருந்தாள். தங்கச்சி புருஷன் அங்கே நிற்கிறான் என்பது கிருபாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். கையைத் தூக்கியபோது மறந்துபோனது.

டிசம்பர் முதல் வாரம். காலையில் பால் கொண்டுவந்த மாரி வாசலிலிருந்தே கத்தினான். "டீச்சரம்மா! உன் ஜெபம் பலிச்சிடுச்சி போலகீது! சண்டை வந்துடுச்சாம்! ரேடியோவுல சொல்லிக்கினே கீறாங்கோ!"

கிருபா பால் குண்டானோடு துள்ளி வெளியே வந்தாள். "நெசமாவா மாரி?" என்று கேட்டு வாய் மூடவில்லை, பின்னால் யூனிஸ் நிற்பதைப் பார்த்தாள்.

"சந்தோஷமா அக்கா?" என்றாள் யூனிஸ். "கேட்டது கெடச்சிடுச்சு. இனிமே என் புருஷனுக்காக நீ ஜெபம் பண்ண வேண்டாம். ஒரு வார்த்தை பண்ணாதே. உன் ஜெபத்தைக் கண்டா எனக்குப் பயமா இருக்கு."

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியாத குறைதான். ரேடியோவில் இன்ன ஊர் பிடிபட்டது, இன்ன ஆறு தாண்டியாயிற்று என்று செய்தி வரும்போதெல்லாம் தெருவே கூடும். தலைக்கு மேலே விமானம் போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். கிருபாவின் நெஞ்சு கிடந்து குதிக்கும். ஆறு என்ற சொல்லைக் கேட்டதும் அடங்கிவிடும். ஆறு தாண்டினார்கள் என்றால் பாலம் போட்டவன் எங்கே? ஜெபிக்க வாய் எடுப்பாள். தங்கச்சி சொன்னது தடுக்கும். அப்பேர்ப்பட்ட கிருபா சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

டாக்கா விழுந்த சாயங்காலம் தெருவில் பட்டாசு வெடித்தது. அடுத்த வீட்டுக் கனகவல்லி தட்டு நிறைய ஜாங்கிரி கொண்டுவந்து, "டீச்சர், ஜெயிச்சிட்டோம்! உங்க வாய்க்குத்தான் முதல்லே போடணும்!" என்று ஊட்ட வந்தாள். கிருபா வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். எறும்பு ஏறும் வரை வைத்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தந்தி வந்தது. எட்மண்ட் சுகம். யூனிஸ் அழுத அழுகையில் லாசரஸும் அழுதுவிட்டார். தந்தியைக் கிருபாவும் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். யூனிஸ் அவள் பக்கம் திரும்பவில்லை.

மார்ச்சில் எட்மண்ட் விடுப்பில் வந்தான். ஆள் கறுத்து இளைத்திருந்தான். ஸ்டேஷனிலேயே மாலை, மேளம். வீட்டில் கூட்டம் அலைமோதியது. எல்லாரும் போனபின் சாப்பிட உட்கார்ந்தவனிடம் யூனிஸே போட்டுடைத்தாள். "உங்க அண்ணிதான் சண்டை வேணும்னு ஜெபம் பண்ணாங்க. தெரியுமா?"

எட்மண்ட் சிரித்தான். "அண்ணி, நீங்களா அது? எங்க ஆபீசர்கிட்டே சொல்லியிருப்பேனே!" பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நல்லதுதான் கேட்டீங்க. ஒரு ஆத்து மேலே பாலம் போட்டோம். போட்டு முடிக்கறதுக்குள்ளே அந்த ஊர் ஜனம் பாட்டுப் பாடிக்கிட்டு ஓடிவந்து எங்களைக் கட்டிப் பிடிச்சுது. ஒரு ஆள் அருவாளாலே இளநி வெட்டி வெட்டிக் கொடுத்துக்கிட்டே இருந்தான். அந்த ஊர்ப் பொண்ணுங்களை அடைச்சு வெச்சிருந்த கொட்டடியை நாங்கதான் திறந்தோம். நாங்க போகலேன்னா அதுங்க கதி? அதை நினைச்சா போனது சரிதான் அண்ணி."

கிருபாவின் முகம் மலர்ந்தது. அவன் நிறுத்தவில்லை.

"ஜெயிச்ச மறுநாள் அதே பாலத்திலே எதிர்ப்பக்கமா ஒரு கூட்டம் ஓடிவருது. மில்லுலே வேலை செய்யற உருதுக்காரங்க, பீகார்லேருந்து போய்க் குடியேறினவங்க. அவங்கள்லே சில பேரு அந்தப் பட்டாளத்துக்கு ஆள் காட்டினவங்கதான். குழந்தைங்க என்ன காட்டிக் கொடுத்துச்சு? துரத்திக்கிட்டு வர்றவன் யாரு? இளநி வெட்டினவன். அதே அருவா. நான் துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டினேன். 'உனக்கு இளநி கொடுத்தேனே தம்பி'ன்னு அழறான் அண்ணி. அவன் மகளும் அந்தக் கொட்டடியிலே இருந்தவ."

"அப்புறம்?"

"பாலத்துக்கு வந்தவங்களைக் காப்பாத்தினோம். வராதவங்ககிட்டே நாங்க போய்ச் சேர நேரமாயிடுச்சு."

எட்மண்ட் தட்டை முன்னால் நகர்த்தி, "ரசம் இருக்கா?" என்றான்.

அந்த வாரம் சங்கத்தில் நன்றி ஜெபக் கூட்டம். எட்மண்ட் திரும்பி வந்ததற்குக் கிருபாதான் ஜெபிக்கவேண்டும் என்று எல்லாரும் அவளைக் கிளப்பிவிட்டார்கள். எழுந்தாள். கை மேலே போகவில்லை. ஊர் திரும்பிய ஜனங்களுக்காக நன்றி சொன்னாள். அதற்கு ஆமென் இடிபோல் வந்தது. பிறகு, "அந்தப் பாலத்திலே எதிர்ப்பக்கமா ஓடினவங்களையும் காப்பாத்தும் ஆண்டவரே. துரத்தினவனையும் தேத்தும்" என்றாள்.

அதற்கு ஆமென் வரவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "இதென்னடி, எதிராளிக்கு ஜெபம்?" என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. கிருபா உட்காரவில்லை.

"ஆமென்!"

யூனிஸ். அக்காளுக்குக் கொஞ்சமும் குறையாத குரல்.

விடுப்பு முடிந்து எட்மண்டை வண்டியேற்ற எல்லாரும் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எலக்ட்ரிக் வண்டி வந்து நின்றது. யூனிஸ் கிருபாவின் முழங்கையை இடித்தாள்.

"என்ன மரமாட்டம் நிக்கறே? அவருக்கு ஜெபம் பண்ணு."

"நானா? வேண்டாம்னியே!"

"இப்போ வேணுங்கறேன். மெதுவா பண்ணு. அவர் போய்ச் சேரணும், திரும்பி வரணும். வேறே எதையும் இழுத்து விடாதே, தாயே!"

கிருபா கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது. லாசரஸ் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான நாளாக அப்படி ஒன்றை அவர் கண்டதே இல்லை.

"அண்ணி, ஆமென் சொல்லலாமா?" என்று ஜன்னலிலிருந்து எட்மண்ட் கூவினான். வண்டி நகர்ந்துவிட்டது.

"இருடா, முடிக்கலே!" என்று கத்திக்கொண்டு கிருபா வண்டியோடு ஓடினாள்.