மலையில் இளகி, ஊரில் இறுகிய பிரேக்

"பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது. உன் வாய்க்குத்தான் பிரேக் இல்ல. வண்டில ஏறிக் குந்தாதவளுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

சொன்னது என் வீட்டுக்காரர். கேட்டது கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் பாதி. பழைய வேன் வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு இது ஒரு முழுநேர உத்தியோகம்: வண்டியில் எந்தக் கோளாறும் முதலில் நமக்குத்தான் தெரியும், நாம் சொல்வதைத்தான் கடைசியில் நம்புவார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஸ்டெல்லா கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரம் முழுக்க அங்கேயே தங்கல். சனிக்கிழமை மத்தியானம் அவள் அப்பா வேனை எடுத்துப் போய், அவளையும் கூட வேலை செய்கிற டீச்சர்களையும் ஏற்றிக்கொண்டு வருவார். அன்றைக்கு வந்து இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையல்கட்டுக்கு வந்தாள்.

"அம்மா, வளைவுல அப்பா சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி பிரேக்க மிதிச்சிகினே வராரு. இன்னாப்பான்னு கேட்டா, மெதுவா பேசு, பின்னாடி டீச்சருங்க காதுல வுழப்போவுதுங்கறாரு!"

ஜுரம் விட்டபின் டாக்டர்

திங்கட்கிழமை காலையிலேயே அவரைக் கிளப்பி, சின்னசேலம் ரோட்டில் இருக்கிற பாபுவின் பட்டறைக்கு இழுத்துப் போனேன். பாபு நல்ல மெக்கானிக்தான். அதை அவனே சொல்வான். ஏறி உட்கார்ந்து மிதித்தான். கல் மாதிரி நின்றது. ரோட்டில் ஒரு நடை போய் வந்தான். சடக்கென்று பிடித்தது. நாலு சக்கரத்திலும் ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் கொஞ்சம் கம்மி என்று ஒரு டின்னை எடுத்துச் சாய்த்து ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மலையில இளகற பிரேக்க சமதரையில மிதிச்சுப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றேன். பாபு சிரித்தான். "அக்கா, ஜுரம் அடிக்கறப்ப டாக்டராண்ட வரணும். ஜுரம் வுட்டப்புறம் வந்து ஊசி போடுன்னா, நான் எங்க போடறது?"

அடிவாரத்து எலுமிச்சை

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் டிரைவர்கள் அடிவாரத்துக் கோவிலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிறு பூசைக்கு ஒரு வாரம் தவறாதவர். கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது. ஆனால் அடிவாரத்தில் அவருக்கும் எலுமிச்சம்பழம் வேண்டும். சாதாரணமாக ஒன்று. அந்த வாரம் என் ஃபிரிட்ஜில் ஊறுகாய்க்கென்று வைத்திருந்த மொத்தமும் காணோம்.

சக்கரத்துக்கு ஒன்று வீதம் வைக்கிற ஆளுக்கு பிரேக் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கையாம்! பயம் இருக்கிறது, வெளியே சொல்ல மனசில்லை. எலுமிச்சையோடு எனக்குச் சண்டை இல்லை. அதை வைத்துவிட்டால் வேறொன்றும் பார்க்க வேண்டாம் என்ற நினைப்போடுதான் சண்டை. அதைச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "ஏறும்போது அவங்க சாமி, எறங்கும்போது நம்ம சாமி. நடுவுல நீ எதுக்கு?"

நானும் ஏறிக் குந்தினேன்

அடுத்த சனிக்கிழமை முன் சீட்டில் என் பையை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். ஏறுகிற வரை ஒரு குறையும் இல்லை. பிரேக் மிதி கெட்டியாக இருந்தது. அவர் மிதிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். மேலே ஸ்டெல்லாவும், அவள் சிநேகிதி தமிழரசி டீச்சரும், மற்றவர்களும் ஏறினார்கள்.

இறக்கம் தொடங்கியதும் அவர் கை கியர் கம்பிக்குப் போனது. நியூட்ரலில் தள்ளினார். இன்ஜின் முணுமுணுக்க, வண்டி தானாக உருண்டது. "இன்னாங்க இது?" என்றேன். "டீசல் மிச்சம்" என்றார், ஏதோ பொக்கிஷத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி. இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரத்தையெல்லாம் ஒற்றை பிரேக் தலையில் கட்டி, வளைவுக்கு வளைவு மிதித்த காலை எடுக்காமல் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கரிந்த நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் மிதித்தார். மிதி தரை வரைக்கும் போய்விட்டது.

திரும்பத் திரும்ப மிதித்தார். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. "கியர்ல போடுங்க! ஹேண்ட்பிரேக்க இழுங்க!" என்று நான் போட்ட சத்தம் அடிவாரம் வரை கேட்டிருக்கும். போட்டார், இழுத்தார். வண்டி உறுமித் திணறிப் பாறைப் பக்கம் உரசி நின்றது. ஸ்டெல்லா என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள் கன்றியிருந்தது.

எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். சக்கரம் ஆறட்டும் என்று நான்தான் காத்திருக்க வைத்தேன். ஆறினதும் ஏறி என் காலாலேயே மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது! பாபு பார்த்த அதே கல். சூட்டில் இளகி, ஆறினால் இறுகுகிறது. ஜுரம் எங்கே அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. மீதி மலையை கியரில் ஊர்ந்து இறங்கினோம். தமிழரசி டீச்சர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "சார், மிச்சம் புடிச்ச டீசல இன்னா பண்ணுவீங்க? எங்க பதினாறாம் நாளுக்கு எடுத்து வைப்பீங்களா?"

உப்பு ஜாடிப் பாடம்

மறுபடி பாபு பட்டறை. இந்த முறை நான் வண்டியைப் பார்க்கவில்லை, பட்டறையைப் பார்த்தேன். எப்போது போனாலும் எங்கள் வண்டிக்கு அவன் ஊற்றுகிற பிரேக் ஆயில் டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூடி இல்லாமல், வாயில் பழந்துணி அடைத்துக்கொண்டு நின்றது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியை இப்படித் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எந்தச் சமையல்கட்டைக் கேட்டாலும் சொல்லும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலும் அந்த ஜாதிதான். எங்கள் கான்வென்ட்டில் விஞ்ஞானம் எடுத்த சிஸ்டர் மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்னது இன்னும் உள்ளே இருக்கிறது: திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆயிலுக்குள் புகுந்த ஈரம் சூட்டில் ஆவியாகிறது. மிதித்தால் ஆவிதான் அமுங்குகிறது, பிரேக் பிடிப்பதில்லை. ஆறினால் ஆவி அடங்கிவிடும். கோளாறும் காணாமல் போய்விடும்.

"பழைய ஆயில் மொத்தத்தையும் எடுத்துடு. என் கண்ணு முன்னாடி சீல் உடைச்ச டின்ல இருந்து ஊத்து" என்றேன். பாபு முனகிக்கொண்டே சக்கரத்தடியில் படுத்தான். நான் டிரைவர் சீட்டில். "மிதிக்கா... அப்படியே புடி... வுடு." நான் மிதிக்க மிதிக்கக் குழாய் வழியே வெளியே வந்த பழைய ஆயிலிடம் வேளாங்கண்ணிக்கு பிளாஸ்க்கில் எடுத்துப் போன கடுங்காப்பி தோற்றது. நாலு சக்கரத்திலும் தெளிந்த ஆயில் வருகிற வரை விடவில்லை. கரிந்த பிரேக் லைனிங்கையும் மாற்றினான். கடைசியில் எழுந்து வந்து, துணி அடைத்த டின்னைத் தூக்கிக் குப்பையில் போட்டான்.

"யக்கா, நாலு பேருகிட்ட இதச் சொல்லிகினு இருக்காத. உன் வூட்டு வண்டிக்கு ஆயுசுக்கும் நானே பாக்கறேன்."

போன சனிக்கிழமை

போன சனிக்கிழமை நானும் போனேன். என் வலது கை கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் கை நியூட்ரல் பக்கம் நகர்ந்தபோதெல்லாம் இருமினேன். இரண்டாவது கியரில் வண்டி யானை மாதிரி நிதானமாக இறங்கியது. வண்டி நின்ற அதே வளைவில் அவர் மிதித்தார். மிதி பாதியிலேயே கெட்டியாக நின்றது. பின் சீட்டில் ஸ்டெல்லா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு எந்தப் பட்டறையும் தர வேண்டாம்.

வண்டியில் ஏறிக் குந்தாதவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு என் ஒரே பதில், ஏறிக் குந்தினால் எல்லாம் தெரிந்துவிடுகிறது என்பதுதான்.

அடிவாரம் வந்ததும் கேட்டேன்: "ஏங்க, நான் சொன்னதுதான் சரின்னு ஒரே ஒரு வாட்டி உங்க வாயால சொல்லுங்களேன்."

அவர் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை நேராக்கினார்.