சீசருக்கு வந்த கனடாக் காளான்

போன மாதக் கடைசியில் எங்கள் வீட்டு நாய்க்குச் சீனிக்கரண்டியால் அளந்து 'வான்கோழி வால்' கொடுத்தேன்.

பதறாதீர்கள். பதறுவது என்னுடைய வேலை. அதை என்னிடமே விட்டுவிடுங்கள்.

நாயின் பெயர் சீசர். சரியாகச் சொன்னால் அது என் நாய் அல்ல, என் மகன் கஜனின் நாய். அக்கராயன் குளக்கட்டில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியைப் போட்டிருந்த சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். இப்போது அவன் ரொறன்ரோவில். நாய் என்னிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான். முதல் கேள்வி, "சீசர் எங்கை?" இரண்டாவது, "அம்மா எங்கை?" நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். போனைப் பிடிக்கிறவனை யார் சுகம் கேட்கப் போகிறார்கள்?

அந்தச் சீசர் சாப்பாட்டை விட்டுவிட்டான்.

சோற்றையும் பருப்பையும் குழைத்து வைத்தால் கிட்ட வந்து மணப்பான். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பான். ஒரு பெருமூச்சு... பிறகு கொய்யா மரத்தடியில் போய்ப் படுத்துவிடுவான். விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. வளவுக்குள் மாடு புகுந்தாலும் குரைப்பதில்லை. மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் மட்டும் எழும்பி வாசல் படலை வரைக்கும் ஓடுவான். மீன்காரர் நிற்காமல் போய்விடுவார். இவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் படுப்பான்.

"பாரும் சாந்தி, படலைக்குப் போயிட்டு வரவே களைக்குது. இது இருதயம்தான்," என்று மனைவிக்கு விளங்கப்படுத்தினேன்.

சாந்தி அரிசியில் கல் பொறுக்கினாள். என்னுடைய வைத்திய விளக்கங்களுக்கு அவள் பதில் சொல்வதை நிறுத்திக் கனகாலம்.

மீன்காரர் ஏன் நிற்பதில்லை? ஏனென்றால் எங்கள் வீடு இப்போது சைவம். கஜனின் பி.ஆர்., அதாவது கனடாவின் நிரந்தர வதிவிட உரிமை, இழுபடுகிறது. அது கிடைக்கும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று சாந்தி சந்திப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். அவள் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே பக்கத்தில் நின்ற எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. ஒருத்தியின் நேர்த்தி காணுமா? கனடா என்பது எவ்வளவு பெரிய நாடு?

அந்த இடத்திலேயே அறிவித்தேன். குசினி சைவம். வளவு சைவம். நாய் சைவம்.

நாய் ஏன் என்று கேட்பீர்கள். சீசருக்கு வழக்கமாக மீன்தலை அவிப்பது பின்வளவில், வெளியடுப்பில். அதில் ஒரு முள் தவறி வளவுக்குள் கிடந்து, அந்தத் தோஷத்தில் அங்கே ஒரு ஒஃபிசர் கஜனின் ஃபைலை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டால்? என் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜன் திரையில் சீசரைக் கண்டான். அவனுடைய முகம் மாறிவிட்டது.

"அப்பா, என்ன இது எலும்பும் தோலுமாக் கிடக்கிறான்? அவனுக்கு இம்யூனிற்றி விழுந்துபோச்சு."

விழுந்துவிட்டதாம். நான் உடனே நாயைச் சுற்றி நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு, கலியாணவீடு ஒன்றுக்கு ஊர் வந்த ஒருவரிடம் ஒரு போத்தலைக் கொடுத்தனுப்பினான். உள்ளே மண்ணிறப் பவுடர். வெளியே, பல் தெரியச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்கார நாயின் படம். அந்த நாய்க்கு பி.ஆர். எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு சிரிப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க இருந்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எழுத்து ஏ பி சி டிதான், ஆனால் சொற்கள் பிடிபடவில்லை. எனக்கு இங்கிலிஷ் மறந்துபோச்சோ? இது மறதி வருத்தத்தின் தொடக்கமோ? வேர்த்துக் கொட்டியது. சாந்தி வந்து போத்தலை மற்றப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் பிரெஞ்சுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கிலிஷ் பக்கம் வந்ததும் நிலைமை மோசமானது. பெரிய எழுத்தில் கிடந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் போட்டுத் தமிழாக்கினேன். ஒன்று வான்கோழி வால். மற்றது சிங்கத்தின் பிடரி.

கஜனுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே விடியவில்லை.

"தம்பி, எங்கட வீடு சைவமெண்டு தெரிஞ்சுகொண்டும் வான்கோழியின்ரை வாலை அனுப்பியிருக்கிறாய். சிங்கத்தைக் கூடவோ பிடிக்கிறாங்கள்?"

"அப்பா, அதெல்லாம் காளான்ரை பேர். என்னைப் படுக்க விடுங்கோ."

காளான். சரி. ஆனால் காளான் சைவமா, மச்சமா? எங்கள் ஆட்களில் சிலர் காளானை மச்சத்தோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். சாந்தியிடம் கேட்டேன்.

"நாய்தானே தின்னப்போகுது. நீங்கள் ஏன் வேர்க்கிறீங்கள்?" என்றாள்.

கூகிளிடம் கேட்டேன். காளான் நாயின் நோய் எதிர்ப்புச் சக்தியை மலையாக்கும் என்றது ஒரு பக்கம். விற்கிறவர்களின் பக்கம் அது. போதுமான ஆதாரம் இல்லை என்றது இன்னொன்று. நாய்க்குக் காளானே காட்டாதீர்கள் என்றது மூன்றாவது. நாலாவது, காளான் பிரட்டல் செய்வது எப்படி என்று காட்டியது. அதைத்தான் கடைசிவரை பார்த்தேன்.

பக்கத்து வளவு யோகன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஓட்டோ ஓடுகிற பொடியன். அவன் பங்குக்கு ஒரு குழப்பம்.

"அண்ணை, காளானெண்டா மழைக்கு எங்கட கறையான் புத்திலை முளைக்குதே. அதுக்கேன் கனடா? பிடுங்கித் தரட்டோ?"

"அது நஞ்சோ நல்லதோ எண்டு எப்பிடியடா தெரியும்?"

"நீங்கள் முதல் தின்னுங்கோ. ஒண்டும் நடக்காட்டி நாய்க்குக் குடுப்பம்."

கனடாப் போத்தலையே திறந்தேன். அளக்கிற கரண்டி உள்ளே இருக்கும் என்று எழுதியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. பவுடருக்குள் புதைந்து கிடந்திருக்கிறது, பிறகுதான் தெரிந்தது. அவசரத்துக்குச் சீனிப்போத்தலுக்குள் கிடந்த கரண்டியை எடுத்து, சோற்றுக்கு மேலே தூவினேன்.

சீசர் வந்தான். மணந்தான். பெருமூச்சு விடவில்லை.

சோற்றை மட்டுமா சாப்பிட்டான்? கோப்பையை நக்கி நக்கிக் கிணற்றடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பினேன். "பாத்தீங்களோ அப்பா... சயன்ஸ்," என்று கஜன் பதில் போட்டான். நான் அடுத்த நாளிலிருந்து காளான் பிரசாரகர். நூலகத்தில், சலூனில், தண்ணீர் வரி கட்டப் போன இடத்தில்... யாருக்கு எந்த நோய் என்றாலும் காளானைப் பற்றி விளக்கினேன். ஒருவர் தன்னுடைய முழங்கால் நோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் இடையில் புகுந்ததும் நோவு போய்விட்டது என்று எழும்பி நடந்தார்.

ஆனால் சீசர் உடம்பு வைக்கவில்லை. போகப்போக, பவுடர் பட்ட மேற்சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை விட்டான். மனிதன் என்ன செய்வான்? ஒரு கரண்டி நல்லதென்றால் மூன்று கரண்டி மூன்று மடங்கு நல்லது. போட்டேன்.

அடுத்த நாள் காலை கொய்யா மரத்தடி முழுக்க வாந்தி; இரவிரவாகச் சத்தி எடுத்திருக்கிறான். சீசர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். கூப்பிட்டேன். வாலின் நுனி மட்டும் அசைந்தது.

இங்கே பகிடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை "சீசர் எங்கை?" என்று கேட்கிற முகத்துக்கு என்ன சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு அந்த நாயைத் தூக்கினேன். பாரமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

யோகனின் ஓட்டோவில் கிளிநொச்சிக்குப் போனோம். சீசர் என் மடியில்.

"அண்ணை, சத்தி வந்தா சீற்றிலை வேண்டாம். உங்கட சாரத்துக்கை எடுக்கச் சொல்லுங்கோ," என்றான் யோகன். அவனுடைய குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். காளான் பவுடரையும் மூன்று கரண்டிக் கணக்கையும் ஒப்புக்கொண்டேன். அவா சீசரின் வாயைத் திறந்து முரசைப் பார்த்தா, வயிற்றை அமத்திப் பார்த்தா, காய்ச்சல் பார்த்தா. உண்ணிக் காய்ச்சலோ என்று இரத்தமும் எடுத்துப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து என்னைப் பார்த்தா.

"சத்தி, பவுடரைக் கூடத் தின்னக் குடுத்ததாலை வந்தது. நிண்டிடும். இரத்தத்திலையும் பிழையில்லை. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள் ஐயா?"

"சோறும் பருப்பும் டொக்டர்."

"அதோடை?"

"வெள்ளிக்கிழமையிலை பூசணிக்காய்."

"மீன், முட்டை ஒண்டும் இல்லையோ?"

"நாங்கள் சைவம் டொக்டர்."

"நாயுமோ?"

"...ஓம்."

"எப்பவிருந்து?"

"மகன்ரை பி.ஆர். இழுபடத் துவங்கினதிலையிருந்து."

டொக்டர் சீசரைப் பார்த்தா. சீசர் டொக்டரைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"இவருக்கு வருத்தமில்லை ஐயா. புரதம் காணாது. மீன்தலையை அவிச்சு, முள்ளை எடுத்துப்போட்டுக் குடுங்கோ."

"அப்ப இந்தக் காளான்?" போத்தலை நீட்டினேன்.

"சிலர் நல்லமெண்டுகினம். ஆராய்ச்சியும் நடக்குது. நாய்களுக்கு என்னளவு செய்யும் எண்டு எனக்கு உறுதியாச் சொல்லேலாது. அளவாக் குடுத்தாக் கெடுதியில்லை. ஆனா சாப்பாட்டுக்குப் பதிலாயும் மருந்துக்குப் பதிலாயும் இதை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ." பிறகு போத்தலின் அடிப்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டா. "இவர் ஏன் இதை இவ்வளவு விரும்பித் தின்னுறார் எண்டா... இஞ்சை பாருங்கோ. சுவைக்கு மாட்டு ஈரல் சேர்த்திருக்கு."

மாட்டு ஈரல்.

அந்தக் கணத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது சீசர் அல்ல. சீனிக்கரண்டி.

காலைத் தேத்தண்ணி நான்தான் போடுவது. சாந்திக்கு ஒரு கரண்டி சீனி. அதே கரண்டி, நாய்க்குப் பவுடர் அளந்த கரண்டி. கழுவினேனா? கழுவினேன்... ஆம்பிளைகள் கழுவுகிற மாதிரி. பிள்ளையின் பி.ஆர். கிடைக்கும்வரை மீன் வாடையே படாமல் இருக்கிறவளுக்கு, ஒவ்வொரு விடியலிலும் நான் மாட்டு ஈரல் கலக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஓட்டோவில் யோகனிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்திருப்பேன்.

"அண்ணை, உங்கட சீனிக்கரண்டி கனடாக்காரருக்கு எப்பிடித் தெரியும்?"

"பிள்ளையாருக்குத் தெரியுமடா."

"பிள்ளையார் பி.ஆர். ஃபோம் பாக்கிறேல்லை அண்ணை," என்றவன், கொஞ்சத் தூரம் போனதும், "ஆனா அக்காவுக்கு நான் சொல்லமாட்டன். எனக்கு அந்த வேலியாலை போய்வரோணும்," என்றான்.

வீட்டுக்கு வந்தேன். சாந்தி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் என்னவாம்?"

"நாய்க்கு ஒண்டுமில்லையாம்."

"பிறகேன் உங்கட முகம் உப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். ஈரல், கரண்டி, தேத்தண்ணி, எல்லாம். அவள் திருவலை நிறுத்தவில்லை.

"சீனிப்போத்தலுக்கை கிடக்கிற கரண்டியைப் போய்ப் பாருங்கோ."

பார்த்தேன். பூப்போட்ட பிடி. நான் நாய்க்குப் போட்டது பூ இல்லாத கரண்டி. அது வெளியே, சீசரின் கோப்பைக்குப் பக்கத்தில், கல்லின் மேல் கிடந்தது.

"முதல் நாளே கரண்டி மணந்தது. மாடோ ஆடோ எனக்குத் தெரியாது. ஆனா காளான் உப்பிடி மணக்காது. கரண்டியை எடுத்து வெளியிலை வைச்சிட்டு, சீனியையும் கொட்டிப்போட்டு வேறை போட்டனான். இவ்வளவு நாளும் வெளியிலை கிடந்த கரண்டியாலைதான் நாய்க்குப் போடுறீங்கள். கண்டனீங்களோ?"

காணவில்லை. பதறுகிறவனுக்குப் பதறத்தான் நேரம் இருக்கும்.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவன் கனநாளைக்குப் பிறகு வாயிலை வைச்சவன். சொன்னா நீங்கள் நிப்பாட்டிப்போடுவீங்கள்."

"நேர்த்தி...?"

"நேர்த்தி வைச்சது நான். சீசர் வைச்சவனோ?"

எனக்குள் ஒரு விளக்கு மெதுவாக எரிந்தது. "எண்டா... நானும்...?"

"உங்களை ஆர் கேட்டது? நான் பிள்ளையாரோடை கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை நடுவிலை வந்து விழுந்தது நீங்கள். பின்வளவிலை அடுப்புக் கிடக்கு. எனக்கு மணக்காமல் சமைக்கலாம்தானே."

அடுத்த நாள் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. படலைக்கு இரண்டு பேர் ஓடினோம். நான் முதலில் போய்ச் சேர்ந்தேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். விளைமீன். தலை சீசருக்கு, நடுத்துண்டு எனக்கு. சாந்தி காற்று வருகிற பக்கம் பார்த்து எழும்பிப் போய் முன்பக்கம் இருந்துகொண்டாள். அவள் இன்னும் மச்சம் தொடவில்லை. பி.ஆர். இன்னும் வரவில்லை. காளானும் நிற்கவில்லை... புதைந்து கிடந்த கரண்டியைத் தோண்டி எடுத்து, டொக்டர் சொன்ன அளவில் போடுகிறேன். பிள்ளை ஆசைப்பட்டு அனுப்பியது.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை கஜன் போனில் வந்தான். "சீசர் எங்கை?" காட்டினேன். மயிர் மினுங்குகிறது. மாட்டைக் கலைக்கிறான். "காளான் வேலை செய்யுது, என்னப்பா?" என்றான். மீன்தலைக் கதையை மறைக்கச் சீசரை இன்னும் கிட்டக் காட்டப் போனேன். போன் கையில் மாறித் திரும்பி, என் முகம் திரையில் விழுந்துவிட்டது.

"அப்பா... நீங்களும் நல்லாத் தெளிஞ்சிருக்கிறீங்கள். சுகமாய் இருக்கிறீங்களோ?"

போனைப் பிடிக்கிறவனைச் சுகம் கேட்க வைத்தது காளானா, விளைமீனா? நானும் சீசரும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.