பூமுடியா, மொட்டையா

திருத்தணியில் பிறந்து வளர்ந்தவன் மலையேறுவது குறைவு. வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து, மஞ்சள் துணி கட்டி, அரோகரா போட்டுக்கொண்டு வருவார்கள். நாங்கள் தெருவில் நின்றபடியே தலையைத் தூக்கி, கோபுரம் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நானும் அப்படித்தான். ஆர்.கே.பேட்டை போகிற சாலையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மலையைப் பார்த்து ஒரு ‘முருகா’. காயில் கட்டி முடித்த மோட்டாரை முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது, சுவிட்சில் கை வைத்து இன்னொரு ‘முருகா’. கிருத்திகை அன்று எவனாவது வேனைக் கொண்டுவந்து கடை வாசலை அடைத்து நிறுத்தினால், அவனைத் திட்டுகிற திட்டுக்கு நடுவிலும் அதே பெயர் வந்துவிடும். இது பக்தியா, வாய்ப்பழக்கமா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழப்பம் தொடங்கியது என் மனைவியின் வேண்டுதலில். கொரோனா இரண்டாவது முறை வந்து ஊரையே புரட்டிப் போட்டபோது எனக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. அவள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அவளோடு காலையிலிருந்து நின்று பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் புருஷனைத் துணி சுற்றி வெளியே எடுத்து வந்தார்களாம். அதைப் பார்த்ததும் இவள் அங்கேயே கையைக் கூப்பி, என்னைத் திரும்பக் கொடுத்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்து வந்துவிட்டேன்.

முடி கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. பூமுடி என்றால் பின்னலின் நுனியில் ஒரு பிடி நறுக்கிக் கொடுப்பது. மொட்டை என்றால் மொட்டைதான். எங்கள் பக்கம் பெண்களும் மொட்டை போடுவார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் வேண்டிக்கொள்ளும்போதே இன்னது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னதில் குறைவைக்கக் கூடாது. என் மனைவிக்கு, தான் எதைச் சொன்னோம் என்பது நினைவில்லை.

“முடி குடுக்கறேன் சாமின்னு சொன்னது ஞாபகம் இருக்குது பாவா. முழுசான்னு சொன்னனா, இல்லியான்னு தெரியல. அழுதுகினு இருந்தேன்.”

அவள் நகரிப் பக்கத்துப் பெண், என் சொந்த அத்தை மகள். பாவாடை கட்டிய வயதிலிருந்து என்னைத் தெலுங்கு முறையில் பாவா என்றும் நீ என்றும்தான் கூப்பிடுகிறாள். அவள் வீட்டில் எல்லோரும் திருப்பதி மலையைக் கும்பிடுகிறவர்கள். அதனால் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. எந்த மலைக்கு வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். ‘சாமி’ என்று மட்டும்தான் கூப்பிட்டாளாம். ஆனால் கண்ணை மூடியபோது வேல் தெரிந்ததாம். அப்படியென்றால் இந்த மலைதான் என்று முடிவு செய்தோம். அப்படி இல்லாவிட்டாலும் இரண்டு மலைச் சாமிகளும் மாமனும் மருமகனும்தானே, தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றாள். இதற்குச் சிரிக்க முடிந்தது. முதல் சந்தேகத்துக்குச் சிரிக்க முடியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அப்போது கோயில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது என் மாமியார் தவறிப்போன தீட்டு. பிறகு மகளின் படிப்பு, அவள் வேலை, கடைக்கு மேலே தளம் போட்டது என்று ஏதோ ஒன்று. உண்மையைச் சொன்னால், என்ன கொடுப்பது என்று தெரியாததால்தான் இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். மலை பக்கத்திலேயே இருந்தால் இது ஒரு வசதி, அதுவே ஒரு கேடு. நாளைக்குப் போகலாம் என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இந்த வருஷம் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தோம். பத்திரிகை வாங்க வந்த என் அக்கா, வந்த காலோடு ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதலைத் தீர்க்காமல் வீட்டில் சுபகாரியம் செய்யக் கூடாது, முதலில் மலைக்குப் போய் முடியை இறக்கு என்றாள். எதை இறக்குவது என்று தெரியவில்லை என்றோம். சந்தேகம் என்றால் பெரியதாகத்தான் செய்ய வேண்டும், சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் அது யார் தலையில் வந்து விடியும் தெரியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவுக்கு எப்போதும் நாக்கில் சனி.

மகள் அழுதுவிட்டாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையன் வீட்டார் சென்னைக்காரர்கள், நூறு பேர் போட்டோ எடுப்பார்கள், அம்மா மேடையில் மொட்டைத் தலையோடு நிற்பதா என்று கேட்டாள். பூமுடி கொடுத்தால் போதும் என்று நீயே சொல்லிவிடு நைனா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் தைரியமாகச் சொன்னேன். பூமுடி போதும், சாமி என்ன வட்டிக்கடையா நடத்துகிறார், மீதியை வசூல் பண்ண வருவதற்கு என்றேன். என் பங்குக்கு நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். மனைவி என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்க எடுக்கறதுக்கு இன்னா இருக்குது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். என் தலையில் இருந்ததைச் சாமி தவணை முறையில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆனால் அவள் கூந்தல் அப்படியல்ல. ஐம்பதைத் தொடுகிற வயதிலும் இடுப்புக்குக் கீழே இறங்கும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மொட்டை மாடியில் வெயிலில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நகைக்கோ புடவைக்கோ ஆசைப்பட்டு அவள் ஒரு நாளும் நச்சரித்ததில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். எனக்கும்தான். அவளிடம் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

அக்கா வந்துபோன வாரத்திலேயே, திருவாலங்காட்டு விவசாயி ஒருவருடைய மோட்டாரை மேஜைமேல் தூக்கி வைத்தபோது நெஞ்சைப் பிடித்தது. வியர்த்துவிட்டது. ஓடிப்போய் ஈசிஜி எடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, வயிற்றில் வெறும் கேஸ், ராத்திரியில் பரோட்டாவைக் குறையுங்கள் என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஈசிஜி காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து மலையைப் பார்த்தேன். இது ஞாபகப்படுத்தலா என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உடம்பெல்லாம் பயம். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதிலிருந்து நான் கும்பிட்ட கும்பிடே மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘முருகா’ என்றால் அதோடு முடிந்தது. இப்போது அதற்குப் பின்னால் ஒரு வக்கீல் பேச்சு. அவள் அழுதுகொண்டிருந்தபோது சொன்னது செல்லுமா? உயிர் என்னுடையது, முடி அவளுடையது, இது எந்த ஊர் நியாயம்? சரி, நீ அப்படிக் கேட்கிறவன் இல்லை என்றால் எனக்கு ஏன் நெஞ்சு வலித்தது? கேஸ் என்றால் அது அக்கா வந்துபோன வாரத்திலா வர வேண்டும்? ஒரு நாள் நீ இருக்கிறாயா என்றே கேட்டுவிட்டு, கேட்டதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இல்லாதவனுக்கு எதற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வது என்று அதற்குப் பிறகு யோசித்தேன்.

கடைசியில் பூ வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெண் பார்ப்பதற்கும், வீடு கட்டுவதற்கும் இப்படித்தான் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்துச் சாமி படத்தின் முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். மனைவியும் மகளும் புடவை எடுக்கப் போயிருந்த நேரம். வெள்ளை வந்தால் பூமுடி, சிவப்பு வந்தால் மொட்டை என்று சொல்லிவிட்டு எடுத்தேன். வெள்ளை வந்தது. அப்பாடா என்று எழுந்திருக்க வேண்டியதுதானே? எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளைக்கு நான் வைத்திருந்தது மல்லி. வாசனை காகிதத்தைத் தாண்டி வருமே, மூக்கே காட்டிக்கொடுத்திருக்குமோ என்று தோன்றியது. மல்லியை எடுத்துவிட்டு நந்தியாவட்டை வைத்து மறுபடியும் கேட்டேன். சிவப்பு அரளி வந்தது. மூன்றாவது தடவை கேட்கச் சாமிக்கு முன்னால் கூச்சமாக இருந்தது. பொட்டலங்களைப் படத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மனைவி பூஜை அலமாரியைத் துடைத்திருக்கிறாள். சாப்பாடு போடும்போது, வீட்டில் அரளி யார் வாங்கினது என்று மட்டும் கேட்டாள். சாமிக்குத்தான் என்றேன். ஆங் என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலையில் போனோம். நானும் அவளும் மட்டும், என் வண்டியில். மகள் வாசல்வரை வந்து, பூமுடிதானே நைனா என்று மறுபடியும் கேட்டாள். பூமுடிதான் என்றேன். மனைவி பின்னலைப் புதிதாகப் போட்டு, நுனியில் ரப்பர் பேண்ட் கட்டியிருந்தாள், நறுக்குவதற்கு வசதியாக. மலைப்பாதையில் ஏறும்போது கல்யாணத்துக்கு எத்தனை சீப்பு வாழைப்பழம் சொல்லியிருக்கிறாய் என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

முடி எடுக்கிற மண்டபத்தில் கூட்டமில்லை. அவள் மணையில் உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்து, தினம் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“பூமுடியாம்மா, மொட்டையா?”

அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள், கடையில் புடவையைக் காட்டி இது பரவாயில்லையா என்று கேட்கிற மாதிரி. பூமுடி என்று நான் சொல்ல வேண்டும். வீட்டில் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. மகளுக்குச் சொல்லிவிட்டு வந்த வார்த்தை. வாயைத் திறந்தேன். ஈசிஜி எடுத்தபோது நெஞ்சில் ஒட்டிய அந்தச் சில்லென்ற வட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வார்த்தை வரவில்லை. அவள் என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துத் திரும்பிக்கொண்டாள்.

“முழுசா எடுத்துடுங்க,” என்றாள் அவரிடம்.

அவர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தடவினார். வேண்டாம் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ரப்பர் பேண்டோடு அந்தப் பின்னல் மொத்தமாக மடியில் விழும்வரை நேரம் இருந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, மூச்சு நன்றாக வந்தது.

குளித்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்திராத ஒரு மச்சம் பின்கழுத்தில் இருந்தது. சன்னிதியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கூப்பிக்கொண்டு வெறுமனே நின்றேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா, யாரிடம் என்று தெரியவில்லை.

கீழே இறங்கி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவளைத் திரும்பிப் பார்க்காமலே, அன்றைக்கு என்ன வேண்டிக்கொண்டாய் என்பது ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, இப்போதும் வரவில்லை என்றாள். பின்னே ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு எல்லாம் கோபமாகத்தான் வரும்.

“சாமி கேட்டாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது பாவா. நீ கேட்ட.”

“நான் வாயே தொறக்கலியே.”

“ஆங்,” என்றாள். “அதான்.”

பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்துக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது, தலை சுடுது, வண்டிய எடு என்றாள். எடுத்தேன்.